15 நிமிட வேலை. மீதியை அடுப்பு பார்த்துக்கொள்ளும்!

அமெரிக்கக் குடும்பங்களின் கோழி விருந்து

மாலை மணி ஐந்தரை. அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் குடும்பம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். இருவரும் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து முன்பே வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு ஒரே கேள்வி: "இன்றைக்கு இரவு என்ன சாப்பாடு?"

அங்கே சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்வது பணக்காரர்களால் மட்டுமே முடியும். பாட்டி உடன் இருப்பதும் அபூர்வம். ஏழு மணிக்குள் எல்லோருக்கும் தட்டில் சோறு விழ வேண்டும். நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்த பெண், அடுப்பின் முன் நின்று கிளறிக்கொண்டே இருக்க முடியுமா?

அவள் அலமாரியைத் திறக்கிறாள். உப்பு இருக்கிறது. மிளகுத்தூள் இருக்கிறது. உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு புட்டி எண்ணெய் இருக்கின்றன. குளிர்ப்பெட்டியில் கோழித் துண்டுகள் இருக்கின்றன. போதும்! இரவுச் சாப்பாடு தயாரான மாதிரிதான்.

அந்த நாட்டில் இலட்சக்கணக்கான வீடுகளில் வாரம் ஒரு நாளாவது நடக்கிற சமையல் இது. அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கோ, மகன் வீட்டுக்கோ போய் வந்த நம் தாய்மார்கள் இதைப் பார்த்திருப்பார்கள். "கிளறவும் இல்லை, தாளிக்கவும் இல்லை, இது எப்படிச் சமையலாகும்?" என்று வியந்தும் இருப்பார்கள்.

பெட்டி அடுப்பு

இதற்கு வேண்டியது 'ஓவன்' என்னும் பெட்டி அடுப்பு. நம் ஊர் ரொட்டிக் கடைகளில் இருக்கிறதே, அதன் தம்பி என்று சொல்லலாம். அமெரிக்க வீடுகளில் அடுப்பு என்றாலே மேலே நான்கு பர்னர், கீழே இந்தப் பெட்டி. இரண்டும் ஒன்றாகவே வரும். பெட்டிக்குள் நெருப்பு கண்ணில் படாது. காற்று சூடாகி, உணவை எல்லாப் பக்கமும் சூழ்ந்து வேக வைக்கும்.

ஒரு காலத்தில் இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும் பாடு. விறகும் கரியும் எரிந்த நாட்களில், கையை உள்ளே நீட்டி எத்தனை விநாடி தாங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். சிலர் வெள்ளைக் காகிதத்தை உள்ளே வைத்து, அது எவ்வளவு நேரத்தில் பழுக்கிறது என்று பார்ப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவி அடுப்போடு சேர்ந்து வரத் தொடங்கியது. குமிழைத் திருப்பினால் போதும். கேட்ட சூடு நிற்கும். சமையற்காரி அடுப்பை விட்டு நகர்ந்து வேறு வேலை பார்க்க முடிந்தது அதன் பிறகுதான்.

செய்வது எப்படி?

நான்கு பேருக்கு ஒரு கிலோ கோழித் துண்டு. தோலோடும் எலும்போடும் கூடிய தொடையும் காலும் நல்லது. மார்புக் கறி சீக்கிரம் வறண்டு சக்கையாகிவிடும். காலிலும் தொடையிலும் ஓடியாடிய தசை; அதற்குள் இருக்கும் நார் மெதுவாக இளகிப் பிசுபிசுப்பாகும். ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கெட்டுப்போகாது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு இதுவே பத்திரம்.

முதலில் பெட்டி அடுப்பை 200 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஏற்றிவிட வேண்டும். அமெரிக்க அடுப்பில் 400 டிகிரி பாரன்ஹீட் என்று இருக்கும். சூடேறப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்குள் மற்ற வேலை முடிந்துவிடும்.

அரை கிலோ உருளைக்கிழங்கை ஓரங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். இரண்டு பெரிய வெங்காயத்தை நாலாகப் பிளந்தால் போதும். இரண்டையும் அகன்ற தட்டில் பரப்பி, ஒரு மேசைக் கரண்டி எண்ணெயும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுப் பிசற வேண்டும்.

இனி கோழி. ஈரத்தைச் சுத்தமாக ஒற்றி எடுக்க வேண்டும். அமெரிக்கர்கள் இதற்குக் காகிதத் துண்டு வைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு மேசைக் கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், இருந்தால் கொஞ்சம் பூண்டுத்தூள், நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் தடவி, தோல் மேலே இருக்கும்படி கிழங்கின் மேல் அடுக்க வேண்டும். துண்டுகள் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. நெருக்கி அடுக்கினால் கோழி விடும் நீர் ஆவியாகித் தட்டுக்குள்ளேயே சுற்றும். சுட்ட கோழிக்குப் பதில் அவித்த கோழிதான் கிடைக்கும்.

தட்டை உள்ளே வைத்துக் கதவை மூட வேண்டியதுதான். 45 முதல் 50 நிமிடம். மூடி வேண்டாம். கிளற வேண்டாம்.

அந்த முக்கால் மணி நேரத்தில் துணி மடிக்கலாம். பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பார்க்கலாம். சும்மா காலை நீட்டி உட்கார்ந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது!

ஈரம் ஏன் ஆகாது?

ஈரத்தை ஒற்றி எடுக்கச் சொல்வது வீண் சடங்கு அல்ல. தண்ணீர் இருக்கிற வரை அந்த இடம் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. தண்ணீர் போன பிறகே தோலின் சூடு 140 டிகிரியைத் தாண்டும். அப்போதுதான் பொன்னிறமும் மணமும் பிறக்கும். இந்த மாறுதலை 1912-ஆம் ஆண்டில் விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. இன்றும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு உருகிக் கீழே கிழங்கின் மேல் சொட்டும். அந்தக் கிழங்குக்காகவே இதைச் செய்கிறவர்கள் உண்டு.

வெந்ததா, வேகவில்லையா?

இங்கேதான் கவனம் வேண்டும். பச்சைக் கோழியில் சால்மனெல்லா, கேம்பிலோபேக்டர் முதலிய கிருமிகள் இருக்கக்கூடும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று ஆளைப் படுக்க வைத்துவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம்.

வெளியே சிவந்துவிட்டது என்பதால் உள்ளே வெந்துவிட்டது என்று நம்பக் கூடாது. கறியின் நிறமும், வடியும் சாறும்கூட ஏமாற்றும். அமெரிக்க விவசாய இலாகா சொல்லும் கணக்கு ஒன்றுதான்: கறியின் நடுவே 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது 74 டிகிரி சென்டிகிரேடு சூடு வந்திருக்க வேண்டும். இதற்கென்றே ஊசி போன்ற சூடுமானி இருக்கிறது. தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தி நம் தாய்மார்களுக்கு விசித்திரமாக இருக்கும். கோழியைக் கழுவாதீர்கள் என்று அந்த இலாகா சொல்கிறது! மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவிப் பழகிய நமக்கு மனம் ஒப்பாது. ஆனால் காரணம் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது நீர்த்துளி நாலாபுறமும் தெறிக்கிறது. பக்கத்தில் வைத்த தக்காளி மீதும் பாத்திரம் மீதும் கிருமி ஏறுகிறது. தக்காளியைப் பச்சையாகத் தின்கிறோம். கோழியில் உள்ள கிருமியை அடுப்புச் சூடே கொன்றுவிடும். கழுவித்தான் தீருவேன் என்கிறவர்கள் பாத்திரத்தில் நீர் வைத்து, தெறிக்காமல் அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

கேட்டது 50, வந்தது 500!

கோழி இப்படி அன்றாடச் சாப்பாடாக ஆனது அமெரிக்காவிலும் பழங்கதை அல்ல. நூறு ஆண்டுக்கு முன் அங்கே கோழி வளர்த்தது முட்டைக்காக. முட்டை நின்ற கிழக்கோழி குழம்புக்குப் போகும். இளங்கோழி என்பது விருந்தாளி வந்தால், ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும். 1928-ஆம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலில், ஒவ்வொரு பானையிலும் கோழி இருக்கும் என்று ஒரு கட்சி விளம்பரமே செய்தது என்றால், அப்போது கோழி எவ்வளவு உயர்ந்த பண்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டே பங்குச் சந்தை சரிந்து பஞ்சம் வந்தது. பானையில் கோழி வரவில்லை.

ஆனால் அதற்கு முன்பே ஒரு தவறு நடந்திருந்தது. 1923-ஆம் ஆண்டு. டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்ற சிற்றூர். சீலியா ஸ்டீல் என்ற அம்மையார் முட்டைக்காக 50 குஞ்சுகள் வேண்டும் என்று எழுதினார். வந்து இறங்கியவை 500!

திருப்பி அனுப்பியிருக்கலாம். அம்மையார் அனுப்பவில்லை. கொட்டகை போட்டு வளர்த்தார். உயிர் பிழைத்தவை 387. அவற்றைக் கறிக்காக விற்றார். ராத்தல் 62 சென்ட் விலை போயிற்று. இன்றைய மதிப்பில் 11 டாலருக்கு மேல்! மறு ஆண்டு ஆயிரம் குஞ்சு வாங்கினார். 1926-இல் பத்தாயிரம் கோழிக்குக் கொட்டகை கட்டினார். அவர் கணவர் கடலோரக் காவற்படையில் வேலை பார்த்தவர். அவரும் இந்தத் தொழிலுக்கே வந்துவிட்டார். பார்த்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் கொட்டகை போட்டார்கள். 16 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள அந்த முதல் கொட்டகையை அமெரிக்க அரசு சரித்திரச் சின்னமாகப் பதிவு செய்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் ரேஷன் வந்தது. கோழிக்கு ரேஷன் இல்லை. மக்கள் கோழிக்குப் பழகினார்கள். போர் முடிந்ததும், கொழுத்த மார்பும் தடித்த தொடையும் உள்ள கோழியை உண்டாக்கப் போட்டியே வைத்தார்கள். 'நாளைய கோழி' என்பது போட்டியின் பெயர். 1948-ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் வென்றது கலிபோர்னியாவைச் சேர்ந்த வான்ட்ரஸ் என்பவரின் கோழி.

பலன் என்ன? 1925-இல் இரண்டரை ராத்தல் எடை வர 112 நாள் பிடித்தது. இப்போது ஏழு வாரத்துக்குள் ஆறு ராத்தலைத் தாண்டிவிடுகிறது! மாட்டுக்கறியைவிடக் கோழியே அங்கே அதிகம் செலவாகிறது. இதற்கு விலை கொடுப்பது கோழிதான். இவ்வளவு வேகமாக உடம்பு பருப்பதால் கால் தாங்காமல் நொண்டுகின்றன. இதயம் நின்றும் போகின்றன. அது சரியல்ல என்று அமெரிக்காவிலேயே பலர் குரல் கொடுக்கிறார்கள். மெதுவாக வளரும் கோழியைத் தனியே விற்கும் கடைகளும் வந்துவிட்டன. விலைதான் கூடுதல்.

டின் சூப் செய்த மாயம்

அலமாரிச் சமையலுக்குத் துணை செய்த இன்னொருவர் ஜான் டாரன்ஸ் என்ற ரசாயன நிபுணர். 1897-ஆம் ஆண்டில் காம்ப்பெல் கம்பெனியில் வாரம் ஏழரை டாலர் சம்பளத்தில் சேர்ந்தார். சூப்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அதை ஏன் டின்னில் அடைத்து ஊர் ஊராய்ச் சுமக்க வேண்டும் என்று யோசித்தார். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக்கினார். டின் சிறுத்தது, ரயில் கூலி குறைந்தது, 10 சென்டுக்கு ஒரு டின் விற்றது. வாங்குகிறவர் வீட்டில் தண்ணீர் சேர்த்துக்கொண்டால் போதும். வாரச் சம்பளக்காரர் பிற்காலத்தில் அந்தக் கம்பெனிக்கே தலைவரானார்!

1934-இல் காளான் சூப் வந்தது. அதைக் குடித்தவர்களைவிடச் சமையலில் ஊற்றியவர்களே அதிகம் என்று சொல்லும்படி ஆயிற்று. இப்போதும் கோழியும் சோறும் ஒரே பாத்திரத்தில் இப்படித்தான் செய்கிறார்கள்: ஆழமான தட்டில் முக்கால் கப் பச்சரிசி, ஒரு டின் காளான் சூப், ஒன்றேகால் கப் தண்ணீர் கலந்து, மேலே எலும்பில்லாத நான்கு கோழித் துண்டு வைத்து, இறுக மூடி, 190 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். தனியாக உப்புப் போடக் கூடாது. சூப்பிலேயே உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்கள் முதலில் சொன்ன கிழங்குக் கோழியைக் குறைந்த உப்பில் செய்துகொள்வது மேல்.

மேசை மேல் வைக்கும் சிறிய மின்சாரப் பெட்டி அடுப்பு இப்போது சென்னை, மதுரை, கோவைக் கடைகளிலும் கிடைக்கிறது. அதில் இது நன்றாகவே வரும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு வேறு. அது வேக வைக்கும், மொறுமொறுப்பாக்காது. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

மிச்சம் இருந்தால்...

தட்டின் அடியில் பொன்னிறமாய் ஒட்டியிருப்பதைத் தேய்த்துக் கொட்டிவிடாதீர்கள். அரைக் கப் வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டி, கொதிக்க வைத்தால் அதுவே குழம்பு.

மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மூன்று, நான்கு நாள் தாங்கும். அமெரிக்க வீடுகளில் அது அவ்வளவு நாள் இருப்பதில்லை. மறுநாள் காலையில் எலும்பிலிருந்து உதிர்த்து, இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே வைத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டிக்குள் போய்விடுகிறது.