நெடும்பயணச் சைக்கிளுக்கு எந்த ஷிஃப்டர்?

சைக்கிளில் கியர் மாற்றும் ஷிஃப்டருக்கு வேலை ஒன்றுதான்: கேபிளை இழுப்பது, அல்லது தளர்த்துவது. கேபிளின் மறுமுனையில், பின்சக்கரத்தை ஒட்டித் தொங்கும் டிரெயிலியர் என்ற கருவி, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிறது. எவ்வளவு இழுத்தால் செயின் சரியான இடத்தில் போய் உட்காரும்? எளிய ஷிஃப்டரில் இதை ஓட்டுபவரின் விரலும் காதும் முடிவு செய்கின்றன. சிக்கலான ஷிஃப்டரில் அதற்குள் வெட்டப்பட்ட பள்ளங்கள் முடிவு செய்கின்றன. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவையே.

எளிய வகைக்கு உராய்வு ஷிஃப்டர் என்று பெயர். பிரித்துப் பார்த்தால் ஒரு லீவர், கேபிள் சுற்றும் சிறு உருளை, சில வாஷர்கள், அவற்றை இறுக்கும் ஒரு திருகு, இவ்வளவுதான் இருக்கும். டிரெயிலியரின் ஸ்பிரிங் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வாஷர்களின் உராய்வு அதை எதிர்த்து, லீவரை வைத்த இடத்தில் நிறுத்துகிறது. நாள்பட உராய்வு குறைந்து கியர் தானாக நழுவத் தொடங்கினால், திருகைக் கொஞ்சம் இறுக்கினால் தீர்ந்தது. செயின் சரியாக உட்காரவில்லை என்றால் சலசலப்புக் கேட்கும். லீவரை மயிரிழை நகர்த்தினால் அடங்கும். இந்தப் பழக்கம் கைக்கு வரச் சில நாள் பிடிக்கும். வந்த பிறகு யாரும் யோசித்துச் செய்வதில்லை.

கியர் சைக்கிளுக்காக முதலில் வாதாடியவர்கள் பந்தய வீரர்கள் அல்லர், பயணிகள். பிரான்சின் செந்த்-எத்தியேன் நகரத்துப் போல் தெ விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியும், மலைப்பாதைகளில் தாமே ஓட்டிக் காட்டியும் பல கியர்களின் பயனை எடுத்துச் சொன்னார். அவர் இறந்தது 1930-ல். டூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தில் டிரெயிலியருக்கு அனுமதி கிடைத்ததோ 1937-ல்தான். பின்னாளில் நிலைமை தலைகீழானது. புதிய ஷிஃப்டர்கள் பந்தயத்துக்கென்றே பிறந்தன. பயணிகள் அவற்றை வாங்கிக்கொண்டார்கள். 1980-களின் நடுவில் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், கிளிக் கிளிக் என்று படிப்படியாக நகரும் ஷிஃப்டரைப் பந்தயச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. 1990-ல் அதையே பிரேக் லீவருக்குள் அடக்கியது. இரண்டே ஆண்டில் இத்தாலியின் கம்பக்னோலோவும் அதே வழியில் வந்தது.

கிளிக் ஷிஃப்டரின் வசதி மறுக்க முடியாதது. ஒரு தட்டு, ஒரு கியர். ஆனால் அந்த வசதிக்குப் பின்னால் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. ஷிமானோவின் 8 கியர் அமைப்பில் பின்பக்கப் பல்சக்கரங்களுக்கு இடையே 4.8 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் சுமார் 2.8 மில்லிமீட்டர், டிரெயிலியர் அதை 1.7 மடங்காகப் பெருக்கிச் செயினை நகர்த்துகிறது. கேபிள் உறைக்குள் சேறு புகுந்து அரை மில்லிமீட்டர் இழுப்பு குறைந்தாலே செயின் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும். உடனே சலசலப்பும் தாவலும் தொடங்கும். 9 கியரில் இடைவெளி 4.35 மில்லிமீட்டர், 11 கியரில் 4-க்கும் கீழே. கியர் கூடக் கூடப் பிழைக்கு இடம் சுருங்குகிறது. ஷிஃப்டர், டிரெயிலியர், பல்சக்கரத் தொகுதி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியே ஆக வேண்டும் என்பதால், வழியில் கிடைத்த உதிரிபாகத்தை மாட்டி ஓட்டுவதும் எளிதல்ல.

இது எங்கே உறைக்கும் என்பதற்கு இமயமலையின் மணாலி–லே சாலையே போதும். அந்தச் சாலையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் இருந்த பலகை, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று பல ஆண்டுகள் எச்சரித்து வந்தது. எரிபொருளுக்கே அந்த நிலை என்றால், 10 கியர் ஷிஃப்டர் கிடைக்கும் கடையை அந்த வழியில் எதிர்பார்க்க முடியாது. காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் பைகள் நிறைந்த சைக்கிள் நடை வேகத்தில்தான் ஏறும். நேரத்தில் கியர் இறங்காவிட்டால் கால் ஊன்ற வேண்டியதுதான். டங்லங் லா கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். அந்தக் குளிரில் தடித்த கையுறைக்குள் இருக்கும் விரலுக்குச் சிறு பொத்தான்கள் பிடிபடுவதில்லை. ஹேண்டில்பாரின் மேலே நிற்கும் பெரிய கட்டைவிரல் லீவர் பிடிபடுகிறது. பஸ் கூரையில் ஏற்றி இறக்கும்போது டிரெயிலியரைத் தாங்கும் சிறு தகடு வளைந்துவிட்டால் கிளிக் ஷிஃப்டர் ஒவ்வொரு கியரிலும் தவறும். உராய்வு ஷிஃப்டரில் விரல் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். நெடும்பயணத்துக்கு எளியது உயர்ந்தது என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

பிரேக்கோடு சேர்ந்த ஷிஃப்டர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. கேபிளின் தலைப்பகுதி லீவருக்குள் கூர்மையாக வளைவதால் அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. கியர் மாற்றம் சற்று மந்தமாகும், பிறகு ஒரு நாள் அறுந்துவிடும். உள்ளே சிக்கிய துண்டை வெளியே எடுப்பது சாலையோரத்தில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. புறப்படும் முன் புதுக் கேபிள் மாட்டுவதே இதற்குத் தற்காப்பு.

சிக்கலானவற்றின் பக்கமும் நியாயம் உண்டு. பழைய உராய்வு லீவர்கள் ஃப்ரேமின் கீழ்க்குழாயில் இருந்தன. சுமையோடு ஓடும் சைக்கிளில் ஒரு கையை எடுத்துக் குனிவது ஆபத்து. கியர் மாற்றுவது சிரமமாக இருந்தால் ஓட்டுபவர் மாற்றாமலே மிதிப்பார், முழங்கால் அதன் விலையைக் கொடுக்கும். 10, 11 கியர்களின் நெருக்கத்தில் விரலின் கணிப்பும் அடிக்கடி தவறும். மின்சார ஷிஃப்டர்களில் கேபிள் தொல்லை அறவே இல்லை. ஆனால் அவை பழுதானால் ஸ்பேனரை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

பின்சக்கரத்தின் நடுவில், ஹப்புக்குள்ளேயே கியர்களை அடக்கிய ஜெர்மனியின் ரோலோஃப் 14 கியர் ஹப் வேறொரு வழியைக் காட்டுகிறது. அதன் படிகள் ஷிஃப்டரில் இல்லை, ஹப்புக்குள் இருக்கின்றன. கைப்பிடியில் திருகும் ஷிஃப்டர் கேபிளை முன்னும் பின்னும் இழுக்க மட்டுமே செய்கிறது. ஆகவே கேபிள் சற்றுத் தளர்ந்தாலும் கியர் பிசகாது. கேபிள் அறுந்தால், வெளிப்பெட்டி கொண்ட வகையில் அந்தப் பெட்டியைக் கழற்றி 8 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கியர் மாற்றலாம். விலைதான் பலருக்கு எட்டாது.

டிரெயிலியரோடு போகிறவர்களுக்குக் கலப்பு ஏற்பாடே நல்லது: மிதிகட்டையை ஒட்டிய முன்பக்கப் பல்சக்கரங்களுக்கு உராய்வு, பின்பக்கத்துக்கு 8 அல்லது 9 கியர் கிளிக். ஹேண்டில்பார் முனையில் பொருத்தும் ஷிமானோவின் 9 கியர் ஷிஃப்டரில் ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் கிளிக் விலகி உராய்வு முறை வந்துவிடும். தகடு வளைந்தாலும் பொருந்தாத டிரெயிலியர் மாட்ட நேர்ந்தாலும் பயணம் தொடரும்.

ஷிஃப்டர் முழுவதும் போய்விட்டாலும் வழி இருக்கிறது. டிரெயிலியரைக் கையால் நடுப் பல்சக்கரத்துக்குத் தள்ளி, எஞ்சிய கேபிளை ஃப்ரேமில் கேபிள் நுழையும் இடத்தில் முடிச்சிட்டு, மறுமுனையை டிரெயிலியரின் திருகில் இறுக்க வேண்டும். முன்பக்கத்தில் மூன்று பல்சக்கரங்கள் இருந்தால், அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை மூன்று கியர் மிஞ்சும்.