பதிவு ஒன்று சொல்ல, கோப்பு வேறொன்று சொன்னால்?

மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளங்களில் ஒன்று கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று அதன் டேட்டாபேஸ் சர்வர் திணறிக்கொண்டிருந்தது. முதன்மை சர்வரைப் பார்த்துப் படியெடுத்துவரும் துணை சர்வர் வெகுவாகப் பின்தங்கிவிட்டது. துணை சர்வரில் இருப்பதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து படியெடுக்கலாம் என்று ஒரு பொறியாளர் அழிப்புக் கட்டளை கொடுத்தார். அது போய்ச் சேர்ந்ததோ முதன்மை சர்வருக்கு. ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்திவிட்டார். ஆனால், அதற்குள் சுமார் 300 ஜிபி தகவலில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

தினமும் தானாக பேக்கப் எடுக்கும் ஏற்பாடு இருக்கத்தான் செய்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6 பதிப்புக்கு மாறியிருக்க, பேக்கப் வேலைக்கு ஓடிய கருவியோ 9.2 பதிப்பு. புதிய டேட்டாபேஸைப் படிக்க அந்தப் பழைய கருவி மறுத்துவிட்டது. ‘பேக்கப் நடக்கவில்லை’ என்று எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் விஷயம் யாருக்கும் தெரியவில்லை. சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் போனது போனதுதான்.

இந்தச் சம்பவத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நிரல் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. அவை வேறு சர்வர்களில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பற்றிய பதிவுகள் மட்டும் ஆறு மணி நேரம் பின்னுக்குப் போயின. கோப்புகளுக்கு ஒரு நேரம், டேட்டாபேஸுக்கு வேறொரு நேரம். பெரிய நிறுவனங்களில் மென்பொருளை மேம்படுத்தும்போது பொறியாளர்கள் அஞ்சுவது இந்தப் பிளவுக்குத்தான்.

எதற்கு இரண்டு இடம்?

வங்கியின் கடன் பிரிவையோ, மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவையோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், தேதி, எண் போன்ற சிறு தகவல்கள் டேட்டாபேஸில் இருக்கும். ஸ்கேன் படம், பிடிஎஃப் போன்ற பெரிய கோப்புகள் பெரும்பாலும் வெளியே வட்டில் இருக்கும். எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்குள்ளேயே திணித்தால் அது ஊதிப்போகும். பேக்கப் எடுக்கவும் நெடுநேரமாகும். நூலகத்தில் அட்டவணை ஓரிடம், அலமாரி ஓரிடம் என்று இருப்பதைப் போல, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளும்.

சிக்கலும் இங்கேதான் பிறக்கிறது. டேட்டாபேஸுக்கு ‘டிரான்ஸாக்‌ஷன்’ என்ற பாதுகாப்பு உண்டு. தொடங்கிய வேலை முழுதாக முடியும். இல்லையென்றால் தொடங்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாதியில் நிற்காது. இந்தத் துறைக்கு அடித்தளம் அமைத்த ஜிம் கிரே 1998-இல் டூரிங் விருது பெற்றார். ஆனால், அந்தப் பாதுகாப்பு டேட்டாபேஸின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. வெளியே வட்டில் கிடக்கும் கோப்பு அதற்குள் வராது. டேட்டாபேஸில் முகவரியை மாற்றிவிட்டு, கோப்பை நகர்த்துவதற்குள் மின்சாரம் போனால், முகவரி ஓரிடம் காட்டும், கோப்பு வேறிடத்தில் இருக்கும்.

பெயரை நம்பிய கோப்புகள்

கிட்லேப்பிலேயே இதற்கும் உதாரணம் உண்டு. தொடக்கத்தில் ஒவ்வொரு திட்டத்தின் கோப்புகளும் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் இருந்தன. பெயரை மாற்றினால் டேட்டாபேஸிலும் மாற்ற வேண்டும், வட்டிலும் மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் திட்டத்தைத் திறக்க முடியாது.

2017-இல் வந்த 10.0 பதிப்பில் இதற்கு மாற்று வழி கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் டேட்டாபேஸ் தரும் எண் ஒருபோதும் மாறாது. அந்த எண்ணை எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கீட்டில் செலுத்திக் கிடைக்கும் 64 எழுத்துச் சரத்தையே கோப்புகளின் முகவரியாக்கினார்கள். அதன் பிறகு பெயர் எத்தனை முறை மாறினாலும் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். மாற்றம் டேட்டாபேஸுக்குள் மட்டும் நடப்பதால் டிரான்ஸாக்‌ஷன் பாதுகாப்பும் கிடைத்துவிடும்.

பழைய திட்டங்களை ஒரே நாளில் தூக்கி மாற்றவில்லை. ஒரு திட்டம் இடம் மாறும் நேரத்தில் அதைப் படிக்கலாம், எழுத முடியாது என்று பூட்டிவைத்து மாற்றினார்கள். பழைய முறைக்கு முழுமையாக விடைகொடுத்தது 2021-இல் வந்த 14.0 பதிப்பில்தான்.

எது முதலில்?

இரண்டையும் ஒரே கணத்தில் மாற்ற முடியாது என்றால், எதை முதலில் செய்வது என்பதே கேள்வி. கோப்பு இருந்து பதிவு இல்லையென்றால் வட்டில் கொஞ்சம் இடம் வீண், அவ்வளவுதான். பதிவு இருந்து கோப்பு இல்லையென்றால், கண்ணெதிரே இருக்கும் ஆவணத்தைத் திறக்க முடியாது. இரண்டாவதுதான் பேரிழப்பு. எனவே, சேமிக்கும்போது முதலில் கோப்பு, பிறகு பதிவு. அழிக்கும்போது முதலில் பதிவு, பிறகு கோப்பு.

மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப் எடுப்பதென்றால், முதலில் டேட்டாபேஸ், அடுத்து கோப்புகள். இடையில் புதிய கோப்புகள் சேர்ந்தாலும் பாதகமில்லை. பதிவில் உள்ள கோப்பு எதுவும் விட்டுப்போகாது. ஆவண மேலாண்மை மென்பொருளான அல்ஃப்ரெஸ்கோ வகுத்திருக்கும் வரிசையும் இதுவே. இடையில் கோப்பு எதுவும் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, பதிவு நீங்கிய கோப்புகளையும் 14 நாள் விட்டுவைப்பது அதன் இயல்பான அமைப்பு.

மேம்படுத்தும் நாளில்

புதிய பதிப்புக்கு மாறும்போது டேட்டாபேஸின் கட்டமைப்பு மாறும். கோப்புகளின் இடமும் மாறலாம். அப்போது மென்பொருளை நிறுத்திவிட்டு, இரண்டையும் ஒரே நிலையில் பேக்கப் எடுப்பதே பாதுகாப்பு. அதற்கு முன் பிரதி ஒன்றில் முழு ஒத்திகை நடக்க வேண்டும். மாற்றம் முடிந்ததும் ஒவ்வொரு பதிவுக்கும் கோப்பு இருக்கிறதா, அதன் செக்சம் (உள்ளடக்கம் மாறியதா என்று காட்டும் எண்) பழையதோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இதையெல்லாம் பயனர்களை உள்ளே விடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அவர்கள் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டால், பிறகு பழைய பேக்கப்புக்குத் திரும்புவது அவர்களின் வேலையை அழிப்பதாகிவிடும்.

பின்னோக்கித் திரும்ப நேர்ந்தாலும் ஒரு கண்ணி உண்டு. டேட்டாபேஸ் பழைய நேரத்துக்குப் போனால், ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்த எண்ணைப் புதியவருக்கும் கொடுத்துவிடும். ஒருவரின் பழைய கோப்புகள் இன்னொருவரின் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளலாம். 2017-இல் மீண்டபோது கிட்லேப் தன் டேட்டாபேஸின் வரிசை எண்களையெல்லாம் 1,00,000 தள்ளிவைத்துத் தொடங்கியது இதைத் தவிர்க்கத்தான்.

உங்கள் அலுவலகத்தில் மென்பொருள் மேம்படுத்தப்போவதாக அறிவிப்பு வந்தால், ‘பேக்கப் இருக்கிறதா?’ என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். டேட்டாபேஸையும் கோப்புகளையும் சேர்த்துக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்ல முடியவில்லை என்றால், மேம்படுத்தலைத் தள்ளிவைப்பதே நல்லது.