அமெரிக்க மாநகரத் தேர்தல்கள்: கறுப்பின வாக்குகள் முற்போக்கு அணிக்கு எளிதில் கிடைக்காதது ஏன்?

அமெரிக்க அதிபர் தேர்தல்களில் கறுப்பின வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மையினர் பல பத்தாண்டுகளாக ஜனநாயகக் கட்சியையே ஆதரித்து வருகின்றனர். ஆனால் அக்கட்சி கோலோச்சும் மாநகரங்களில் உண்மையான போட்டி கட்சிக்குள்தான் நடக்கிறது. மிதவாதிகளுக்கும், முற்போக்காளர்கள் எனப்படும் இடதுசாரிப் பிரிவினருக்கும் இடையிலான இப்போட்டியில் கறுப்பின மக்களின் வாக்குகள் முற்போக்கு அணிக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை.

பாதுகாப்பே முதல் கேள்வி

ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் காவல்துறையினரின் பிடியில் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து, காவல்துறைக்குப் பதிலாகப் பொதுப் பாதுகாப்புத் துறை ஒன்றை அமைக்கும் யோசனை 2021 நவம்பரில் அந்நகர மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. சுமார் 56 சதவீதம் பேர் அதை நிராகரித்தனர். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வடக்கு மினியாபொலிஸ் வார்டுகளிலும் எதிர்ப்பே மேலோங்கியது. காவல்துறையின் அத்துமீறலால் பாதிக்கப்படும் அதே குடியிருப்புகள்தான் துப்பாக்கி வன்முறையாலும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. சீர்திருத்தம் வேண்டும், ஆனால் காவலும் வேண்டும் என்பதே அங்குள்ள பலரின் நிலைப்பாடு.

அதே ஆண்டு நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில், ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி எரிக் ஆடம்ஸ் சுமார் 7,200 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். கறுப்பின உழைக்கும் மக்களின் பகுதிகளே அவருக்கு அடித்தளமாக இருந்தன. முற்போக்கு அணியின் வேட்பாளர் மாயா வைலியும் கறுப்பினத்தவரே. எனினும் அவரால் மூன்றாவது இடத்தையே பெற முடிந்தது. பிலடெல்பியாவில் 2023-ல், கூடுதல் காவலர்களை நியமிப்பதாக வாக்குறுதி அளித்த செரெல் பார்க்கர், முற்போக்கு வேட்பாளர் ஹெலன் கிம் உள்ளிட்டோரைத் தோற்கடித்து, பின்னர் அந்நகரின் முதல் பெண் மேயரானார்.

சிகாகோவில் நடந்த திருப்பம்

ஆயினும் இது மாறாத விதி அல்ல. சிகாகோவில் 2023 பிப்ரவரியில் நடந்த முதல் சுற்றில் கறுப்பின வார்டுகளில் அப்போதைய மேயர் லோரி லைட்ஃபூட் முன்னிலை பெற்றாலும், நகர அளவில் தோற்று வெளியேறினார். ஏப்ரலில் நடந்த இறுதிச் சுற்றில் அந்த வார்டுகள் ஆசிரியர் சங்கப் பின்னணி கொண்ட பிராண்டன் ஜான்சன் பக்கம் திரண்டன. காவல்துறை நிதியைக் குறைப்பது பற்றிய தனது பழைய பேச்சிலிருந்து விலகிய ஜான்சன், 200 புலனாய்வாளர்களைப் புதிதாக உருவாக்குவதாக உறுதியளித்திருந்தார். பழமைவாதச் சாய்வு கொண்டவராகக் கருதப்பட்ட பால் வாலஸை அவர் சுமார் 52 சதவீத வாக்குகளுடன் வென்றார்.

நியூயார்க்கில் மாறிய கணக்கு

இந்தியத் திரைப்பட இயக்குநர் மீரா நாயரின் மகன் ஜோஹ்ரான் மம்தானி, 2025 ஜூனில் நடந்த வேட்பாளர் தேர்வில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவாமோவை வென்றார். ஆனால் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகள் பலவற்றில் குவாமோவே முந்தினார். நீண்ட அரசியல் அனுபவமும் அறிமுகமும் மூத்த வாக்காளர்களிடையே அவருக்குக் கைகொடுத்தன.

அடுத்த சில மாதங்களில் மம்தானி கறுப்பினத் தேவாலயங்களுக்குச் சென்று ஆதரவு திரட்டினார். காவல்துறை குறித்த தனது பழைய கடும் விமர்சனத்துக்கு மன்னிப்புக் கோரினார். காவல் ஆணையர் ஜெசிகா டிஷ் பதவியில் நீடிக்க வேண்டும் என்றும் அறிவித்தார். அதேவேளையில் வாடகை உயர்வைத் தடுப்பது, கட்டணமில்லாப் பேருந்து, குழந்தைகள் பராமரிப்பு ஆகிய வாக்குறுதிகளை விட்டுக்கொடுக்கவில்லை. 2000 முதல் 2020 வரை நியூயார்க்கின் கறுப்பின மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சம் குறைந்துள்ளது. வீட்டுச் செலவே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே வாடகைப் பிரச்சினை அம்மக்களுக்குச் சொந்த ஊரில் தங்க முடியுமா என்ற கேள்வியும் ஆகும். ஜூனில் குவாமோவிடம் இழந்த பிராங்க்ஸ் பகுதியை மம்தானி நவம்பரில் வென்று மேயரானார்.

பாடம் என்ன?

வேட்பாளரின் இனமோ கொள்கை முத்திரையோ மட்டும் இவ்வாக்குகளை முடிவு செய்வதில்லை என்பதையே இத்தேர்தல்கள் காட்டுகின்றன. தெருவில் பாதுகாப்பு, கட்டுப்படியாகும் வாடகை, வேட்பாளருடன் நேரடிப் பழக்கம் ஆகிய மூன்றும் அங்கு எடைபோடப்படுகின்றன. கறுப்பினக் குடியிருப்புகளில் பெற்ற நம்பிக்கையை முற்போக்கு மேயர்களால் தக்கவைக்க முடியுமா என்பதற்கு, 2027-ல் நடைபெறும் சிகாகோ மேயர் தேர்தல் ஒரு சோதனையாக அமையும்.