படகு மலையேறும், பாலம் தண்ணீரோடு சுழலும்! உங்களுக்குத் தெரியுமா?

படகு மலையேறுமா? ஏறும்! இங்கிலாந்தின் பிங்லியில், கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் கதவு போட்ட தொட்டிகள், அதாவது ‘லாக்’குகள், ஐந்து படிக்கட்டு மாதிரி ஒட்டி நிற்கின்றன. ஒன்றின் மேல்கதவுதான் அடுத்ததன் கீழ்க்கதவு! மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு தானாக உயரும். மொத்த ஏற்றம் 18 மீட்டர்! கட்டி முடித்த வருஷம் 1774!

ஐந்துக்கே அசந்துவிட்டீர்களா? அதே இங்கிலாந்தில், டிவைசிஸ் ஊரின் கேன் ஹில்லில் மொத்தம் 29 லாக்! அதில் 16 ஒரே நேர்கோட்டில்! முழுவதையும் ஏறிக் கடக்க 5, 6 மணி நேரம் பிடிக்கும்!

லாக் கதவுகளுக்குத் தாழ்ப்பாளே கிடையாது! இரண்டு கதவும் தண்ணீர் வரும் பக்கம் பார்த்துக் கூர்முனையாகச் சேரும். தண்ணீர் அழுத்த அழுத்த இறுகும்! 500 வருஷத்துக்கு முன்பே இதை வரைந்து வைத்தவர் யார்? மோனாலிசாவைத் தீட்டிய லியோனார்டோ டா வின்சி!

இரண்டு முனையிலும் கதவுள்ள லாக் பிறந்தது சீனாவில். காரணம்? திருட்டு! தானியப் படகுகளைச் சரிவில் இழுக்கும்போது அவை உடையும், மூட்டைகள் களவு போகும். பொறுக்க முடியாத அதிகாரி சியாவோ வெய்யுவே லாக் கட்டிவிட்டார். ஆண்டு 984!

ஆற்றுக்கு மேலே கால்வாய்! வேல்ஸின் பொன்ட்கசில்டே பாலத்தில் இரும்புத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது, அதில் படகு போகிறது. 18 தூண்கள், 307 மீட்டர் நீளம். கட்டியவர் தாமஸ் டெல்ஃபோர்ட், திறந்தது 1805-இல்!

அந்தப் பாலத்தில் நடைபாதைப் பக்கம் மட்டும்தான் கைப்பிடிக் கம்பி! மறுபக்கம் ஒன்றுமே இல்லை. படகிலிருந்து எட்டிப் பார்த்தால் நேர் கீழே டீ ஆறு. உயரம் 38 மீட்டர்!

அதன் காரையில் கலந்தது என்ன? மாட்டு ரத்தம்! இரும்புத் தகடுகளின் இடுக்கை அடைத்தது? சர்க்கரைப் பாகில் தோய்த்த கம்பளித் துணி! 200 வருஷம் தாண்டியும் படகு போய்க்கொண்டே இருக்கிறது!

எல்லாவற்றுக்கும் மேலே, மான்செஸ்டர் அருகே பார்ட்டன் பாலம்! கீழே கப்பல் வந்தால் மேலே உள்ள கால்வாயே திரும்பி வழிவிடும். இரண்டு முனையிலும் கதவை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரோடு அப்படியே 90 டிகிரி சுழலும்! எடை ஏறத்தாழ 1,450 டன்! 1894-இல் வந்தது. இப்படிச் சுழலும் கால்வாய்ப் பாலம் உலகத்திலேயே இது ஒன்றே ஒன்றுதான்!