தேய்த்தால் வெளுக்குமா?

முகத்தை 'ஸ்க்ரப்' செய்வது இன்று பல வீடுகளில் வாராந்திரச் சடங்கு. ஆனால் மாநிறச் சருமம் உரசலுக்குத் தரும் பதில் வேறு.

தில்லி கரோல் பாகில் ஒரு சந்துக்குள் இருக்கும் அழகு நிலையம். கல்யாண சீசன், உட்கார இடமில்லை. நாற்காலியில் சாய்ந்திருப்பவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். இன்னும் 12 நாளில் திருமணம். அக்ரூட் ஓட்டைப் பொடித்துக் கலந்த பழுப்பு நிறக் களிம்பை அவள் முகத்தில் வட்ட வட்டமாகத் தேய்க்கிறார் அழகுக் கலைஞர். "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்க, தீதி" என்கிறாள் மணப்பெண். மூக்கின் இருபுறமும் முகவாயும் சிவந்துவிட்டன. கண்ணாடியில் பார்த்துத் திருப்தியுடன் தலையசைக்கிறாள். எரிந்தால்தான் வேலை நடக்கிறது என்பது அவள் நம்பிக்கை.

அவள் மட்டுமல்ல, இந்தியாவில் லட்சக்கணக்கானவர்களின் நம்பிக்கையும் அதுதான். அழுக்கைத் தேய்த்தால் போவதுபோல் கருமையும் போகும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

தோலின் மிக மேலான அடுக்கு முழுக்க முழுக்க இறந்த செல்களால் ஆனது. அடியில் பிறக்கும் புதுச் செல்கள் மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, இறந்து உதிர்கின்றன. இளம் வயதில் இந்தப் பயணத்துக்குச் சுமார் 28 நாட்கள் ஆகும். வயது ஏற ஏற அது நீளும். உதிரத் தயாராக இருக்கும் செல்களைக் கொஞ்சம் முன்கூட்டியே அகற்றுவதுதான் ஸ்க்ரப்பின் வேலை. அதனால் முகம் வழவழப்பாகிறது, ஒளியைச் சீராகப் பிரதிபலிக்கிறது, பளிச்சென்று தெரிகிறது. அத்துடன் அதன் எல்லை முடிந்துவிடுகிறது.

நிறம் உருவாகும் இடம் இந்த அடுக்கு அல்ல. மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல்கள் மேல்தோலின் அடித்தளத்தில் இருக்கின்றன. வெள்ளையருக்கும் நமக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை; அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும் விதத்தில்தான் வித்தியாசம். நம் தோலில் அவை எதற்கும் உடனே விழித்துக்கொள்ளும். வெயில் பட்டால், பரு வந்தால், சூடு பட்டால், உரசினால் மெலனினை அள்ளிக் கொட்டும். வெள்ளைத் தோலில் சிவந்து மறைந்துவிடும் ஓர் உரசல், நம் தோலில் பழுப்புத் திட்டாகத் தங்கிவிடுவது இதனால்தான். நைலான் நார் கொண்டு முதுகையும் தோளையும் ஆண்டுக்கணக்கில் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு அந்த இடம் கறுத்துப்போவது தோல் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. நோயாளி என்ன செய்கிறார்? கறுத்திருக்கிறதே என்று இன்னும் பலமாகத் தேய்க்கிறார்.

இந்தப் பழக்கம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. வட இந்தியாவில் பல வீடுகளில் பச்சைக் குழந்தையின் நெற்றியிலும் முதுகிலும் பிசைந்த மாவை உருட்டித் தேய்க்கிறார்கள். பூனை முடி உதிர வேண்டும், நிறம் கூட வேண்டும் என்பது பாட்டிமார்களின் கணக்கு. அந்த முடி சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். மிச்சமாவது குழந்தையின் மெல்லிய தோலில் ஏற்படும் தடிப்புதான்.

மரபு இதைத்தான் சொல்லித் தந்ததா? தினசரி ஒழுக்கத்தை விவரிக்கும் இடத்தில் வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' பொடி தேய்ப்பதை 'உத்வர்த்தனம்' என்று குறிப்பிடுகிறது. கபத்தைக் குறைக்கும், கொழுப்பைக் கரைக்கும், உறுப்புகளை உறுதியாக்கும், தோலுக்குத் தெளிவு தரும் என்பவை அது பட்டியலிடும் பலன்கள். கறுப்பை வெளுப்பாக்கும் என்ற வாக்குறுதி அந்தப் பட்டியலில் இல்லை. மகாராஷ்டிரத்தில் தீபாவளி அதிகாலையில் எண்ணெய் பூசிக்கொண்ட பிறகே வாசனைப் பொடியான 'உட்டணே'யைத் தேய்க்கிறார்கள். நம் ஊர் நலங்கு மாவும் எண்ணெய்க் குளியலின் துணைதான். எண்ணெய் வழுக்கும், உரசல் குறையும். இன்று அந்த எண்ணெயை விட்டுவிட்டோம். கடலை மாவை முகத்தில் காயவைத்து, பிறகு வறட்டு வறட்டென்று தேய்த்து எடுக்கிறோம். பொருள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தாலும் உரசல் உரசல்தான்.

வெளுப்பின் மீதான மோகத்துக்குச் சந்தை நன்றாகவே தீனி போட்டது. 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 1994-ல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் ஒரே ஆண்டில் உலக மேடையில் மகுடம் சூடியபோது, தாராளமயமாக்கலுக்குப் பிந்தைய இந்தியா அழகு சாதனங்களின் கவர்ச்சிகரமான சந்தையாக உருவெடுத்துக்கொண்டிருந்தது. 2005-ல் ஆண்களுக்கும் தனி வெளுப்பு கிரீம். 2020-ல் 'ஃபேர்' என்ற சொல் நீக்கப்பட்டு முதல் கிரீம் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. சொல் போயிற்று, ஆசை போகவில்லை.

ஸ்க்ரப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பல நிறுவனங்கள் பாலித்தீன் நுண்மணிகளைச் சேர்த்துவந்தன. உருண்டையானவை என்பதால் அவை தோலைக் கீறுவது குறைவு. ஆனால் கழுவும் தண்ணீரோடு சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேர்ந்தன. 2015-ல் அமெரிக்கா இவற்றைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. 2017-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இவற்றை அழகு சாதனங்களுக்குப் பாதுகாப்பற்றவை என வகைப்படுத்தியது. 'இயற்கை' முத்திரையுடன் விற்கும் அக்ரூட் ஓடும் ஆப்ரிகாட் கொட்டையும் கடலைக் கெடுக்காது. ஆனால் பொடித்த ஓட்டுக்குக் கூரிய முனைகள் உண்டு. கடலுக்கு நல்லதெல்லாம் கன்னத்துக்கு நல்லதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் ஸ்க்ரப்பே வேண்டாமா? எண்ணெய்ப் பசை நிறைந்த, பரு இல்லாத முகத்துக்கு அளவோடு உபயோகித்தால் கெடுதல் இல்லை. வாரம் ஒரு முறை போதும். மிக நுண்ணிய துகள், நனைந்த முகம், விரல் நுனி, அரை நிமிடம். பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் காக்கும் கிரீம் பூச வேண்டும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். அதைப் பூசாமல் ஸ்க்ரப் செய்வது கதவைத் திறந்துவைத்துத் திருடனைக் கூப்பிடுவது மாதிரி.

சீழ்ப்பரு இருக்கும்போது தொடக் கூடாது. த்ரெடிங், வாக்ஸிங் செய்த ஓரிரு நாட்களுக்கும் கூடாது. ட்ரெடினாயின், அடாபலீன் போன்ற மருந்துகளைப் பூசுபவர்களும் தவிர்க்க வேண்டும். அவர்கள் தோல் ஏற்கெனவே மெலிந்து எரியக் காத்திருக்கிறது. சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்த வீட்டு வைத்தியம் இன்னும் மோசம். தோலின் அமிலத்தன்மை சுமார் 5 பிஹெச். எலுமிச்சைச் சாறு சுமார் 2. எண் குறையக் குறைய அமிலத்தின் காரம் கூடும். லாக்டிக், சாலிசிலிக் அமிலங்கள் மிதமான அளவில் சேர்ந்த க்ரீம்கள், உரசாமலே இறந்த செல்களை நெகிழ்த்துகின்றன. ஆனால் அவற்றையும் தோல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதே நல்லது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேக்கப்புக்கு அடியிலும் மூக்கின் இருபுறமும் பழுப்புத் திட்டு தெரிந்தது. மறுவாரம் பார்த்த தோல் மருத்துவர், ஸ்க்ரப்பை நிறுத்தி சன்ஸ்கிரீன் பூசச் சொன்னாராம்; மறையச் சில மாதங்கள் ஆகுமாம். "தேய்க்காமலே இருந்திருந்தா கல்யாண போட்டோவுல நான் நானாவே இருந்திருப்பேன்" என்றாள்.

அவள் நிறம், சொல்லப்போனால், நல்ல மாநிறம். தேய்த்துப் போக்க வேண்டிய எதுவும் அதில் இருக்கவில்லை.