எத்தனை மணிக்குத் தீப் பிடித்தது?

தீக்காயம் பட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறவர்களிடம் நர்சு கேட்கும் ஒரு கேள்வி அவர்களுக்குக் கோபத்தை மூட்டும். "எத்தனை மணிக்குத் தீப் பிடித்தது?" மனுஷன் துடித்துக் கொண்டிருக்கும்போது மணி எதற்கு என்பார்கள். அந்த மணியை வைத்துத்தான் சிகிச்சையின் கணக்கே தொடங்குகிறது.

தானே கழிமுகத்தின் கிழக்குக் கரையில், முலுண்டுக்கு எதிரே உள்ள ஐரோலியில் தேசிய தீக்காய மையம் இருக்கிறது. தோல் வங்கியும் அங்கு உண்டு. தானே-பேலாப்பூர் சாலையும், அதை ஒட்டிய தொழிற்பேட்டையும் பக்கத்திலேயே. தீக்காய வார்டில் டாக்டரின் கத்திக்கு வேலை வருவதற்கு முன்பே நர்சின் பேனாவுக்கு வேலை வந்து விடுகிறது.

பார்க்லாண்ட் கணக்கு

உடம்பு பெருமளவில் வெந்தால் ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து சதைக்குள் போய்விடும். ரத்த ஓட்டம் குன்றும். சிறுநீரகம் கெடும். அதனால் ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீரை ஏற்றுகிறார்கள். எவ்வளவு ஏற்றுவது? அமெரிக்காவின் டாலஸ் நகரில், பார்க்லாண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் சார்லஸ் பாக்ஸ்டர் 1960-களில் ஒரு கணக்கு வகுத்தார். 4 மில்லியை உடல் எடையாலும், வெந்த பகுதியின் சதவீதத்தாலும் பெருக்க வேண்டும்.

60 கிலோ எடை உள்ளவருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் 24 மணி நேரத்துக்கு 7,200 மில்லி. அதில் பாதி, அதாவது 3,600 மில்லி, முதல் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். இந்த 8 மணி, தீப் பிடித்த நேரத்தில் இருந்து எண்ணப்படுகிறது. உடனே வந்து சேர்ந்தவருக்கு மணிக்கு 450 மில்லி. 3 மணி நேரம் கழித்து வந்தவருக்கு மிச்சம் இருப்பது 5 மணிதான். மணிக்கு 720 மில்லி. "காலையிலேதான் சார்" என்று உறவினர் சொல்வதை அப்படியே எழுதி வைத்தால் எந்தக் கணக்கும் நிற்காது. தமிழும், மராத்தியும், இந்தியும் கலந்து ஒலிக்கும் மும்பை வார்டில், ஆங்கிலத்தில் எழுதப்படும் சார்ட்டுக்குள் அந்த நேரம் பிசகாமல் போய்ச் சேர வேண்டும்.

அமெரிக்க அறுவைச் சிகிச்சை வல்லுனர்களின் விபத்துச் சிகிச்சை வழிகாட்டி 2018-ல் திருத்தப்பட்டபோது, பெரியவர்களுக்கு 4-க்குப் பதில் 2 மில்லியில் தொடங்கலாம் என்றது. நீர் அதிகமானாலும் ஆபத்து. நுரையீரலில் நீர் கோத்துக் கொள்ளும். எதில் தொடங்கினாலும், பிறகு வழி காட்டுவது சிறுநீரின் அளவு. பெரியவருக்குக் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி. 60 கிலோக்காரருக்கு 30 மில்லி. அதை மணிதோறும் அளப்பவர் நர்சு.

இரவு 2 மணிக்கு 30, 3 மணிக்கு 22, 4 மணிக்கு 15 என்று அளவு இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்தந்த மணியில் எழுதியிருந்தால் 3 மணிக்கே டாக்டரை எழுப்பி விடலாம். விடிந்த பிறகு உட்கார்ந்து "30, 30, 30" என்று நிரப்பினால் சார்ட்டு அழகாகத்தான் இருக்கும். நோயாளியின் கதி?

இரவில் ஒரே நர்சு பல படுக்கைகளைக் கவனிக்கும் வார்டில் இந்தத் தவறுக்கு அவரை மட்டும் திட்டுவது நியாயம் ஆகாது. ஆனால் எழுதும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே வர வேண்டும். நர்சிங் மாணவிகள் செயல்முறைக் குறிப்பேட்டைக் கடைசி வாரத்தில் நிரப்பி, மொத்தமாகக் கையெழுத்து வாங்கினால் அங்கே கற்றுக் கொள்வது வேறு பாடம்.

கையைப் பார்த்து மார்க்கு

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சுப் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப் படிப்பே வந்துவிட்டது. பரீட்சை முறைதான் மெதுவாக மாறியது. பெரியவருக்குத் தலை 9 சதவீதம், ஒரு கால் 18 சதவீதம் என்று விடைத்தாளில் எழுதுபவர், படுக்கையில் ஒரு வயதுக் குழந்தை கிடக்கும்போது அதன் தலை மட்டுமே ஏறக்குறைய 18 சதவீதம் என்பதை மறந்து விடலாம்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டாக்டர் ரொனால்டு ஹார்டன் 1975-ல் ஒரு தேர்வு முறையை வெளியிட்டார். மாணவர்கள் மேஜை மேஜையாகச் செல்ல வேண்டும். ஒரு மேஜையில் நாடி பார்க்க வேண்டும். இன்னொன்றில் நோயாளியிடம் பேசி விவரம் கேட்க வேண்டும். தேர்வாளர் கையில் உள்ள பட்டியலைப் பார்த்து, செய்ததற்கு மட்டும் மார்க்குப் போடுவார். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் இந்த முறைக்கு இடம் கொடுத்திருக்கிறது. சார்ட்டு எழுதுவதற்கும் ஒரு மேஜை போட்டால் நல்லது: தவறான எண்ணைக் கொடுத்து, திருத்தச் சொல்லலாம். வெள்ளை மை பூசினால் மார்க்கு இல்லை. பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதை எழுதி, நேரமும் கையெழுத்தும் போட வேண்டும்.

இந்த ஏடு கோர்ட்டுக்கும் போகும். தீக்காய வழக்குகளில், பேசும்போது நினைவு தெளிவாக இருந்ததா, அப்போது மணி என்ன என்பதைச் சொல்ல, இறந்தவர் திரும்பி வரப் போவதில்லை. நோயாளியோ, அவருடைய பிரதிநிதியோ மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கேட்பவர்கள் மிகச் சிலர். கேட்டு வாங்குகிறவர்கள் முதலில் இரவு நேரப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.