பூங்காவில் பூத்த சேலை!

சேலையில் மாங்காய் காய்க்குமா?

காய்க்கும்! ஆரணிக்குப் போய்ப் பாருங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டுக்குப் பெயர் போன ஊர். அங்கே தறியிலே மாங்காய் காய்க்கிறது. மல்லிகை மொட்டு விடுகிறது. தாழம்பூ மடல்கள் சேலைக் கரையில் வரிசையாக நிற்கின்றன.

எல்லாம் தோட்டத்துச் சரக்குதான்!

மாங்காய் புட்டாவைப் போன்ற வடிவம் பாரசீகத்திலும் உண்டு. காற்றில் தலை சாய்ந்த சைப்ரஸ் மரம் அது என்று சொல்வார்கள். நம்மவர் கண்ணுக்கு அது மாங்காய்!

குனிந்தால் கிடைக்கும்

புது டிசைன் வேண்டுமானால் எங்கே போவது? மறுபடியும் தோட்டத்துக்குத்தான். ஆனால் இப்போது கையில் காமிரா இருக்கிறது.

ஊட்டி தாவரவியல் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1848-ல் ஏற்பட்டது. 55 ஏக்கர் பரப்பு. மே மாதம் மலர்க்காட்சி நடக்கும்போது கூட்டம் அலைமோதும். பூப்பாத்திக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தி, "கிளிக்!" அதுவும் வேண்டியதுதான். வீட்டுச் சுவருக்கு ஒரு படம் வேண்டாமா?

ஆனால், கொஞ்சம் குனிந்து பார்க்கிறவருக்கு வேறொன்று கிடைக்கும். பெரணிச் செடியின் தளிர் விரிவதற்கு முன்னால் எப்படி இருக்கிறது? கோலத்தில் போடும் சுழியைப்போலச் சுருண்டு கிடக்கிறது! சூரியகாந்தியின் நடுவைப் பாருங்கள். விதைகள் சுழல் சுழலாக அடுக்கியிருக்கின்றன. ஒரு பக்கம் சுற்றும் சுழல் 34 என்றால், எதிர்ப்பக்கம் சுற்றுவது 55 என்று அமைவது உண்டு. கணக்குப் போட்டு அடுக்கியது யார்?

வாத்தியார் எடுத்த படங்கள்

ஜெர்மனியில் ஒருவர் இந்த வேலையையே ஆயுள் முழுவதும் செய்தார். அவர் பெயர் கார்ல் பிளாஸ்பெல்ட் (1865-1932). போட்டோ பிடிப்பது அவர் தொழில் அல்ல. பெர்லின் நகரக் கலைப்பள்ளியில் வாத்தியார்.

மாணவர்களுக்கு மாதிரி காட்டச் செடி கொண்டுவந்தால் வாடிவிடும். ஆகவே தாமே ஒரு காமிரா செய்தார். மொட்டு, தண்டு, இலை நுனி ஆகியவற்றை 30 மடங்கு வரை பெரிதாக்கிப் படம் எடுத்தார். வேலியோரத்துக் களைச்செடிகூட இரும்புக் கிராதி வேலைப்பாடுபோலத் தெரிந்தது!

1928-ல் 120 படங்கள் புத்தகமாக வந்தன. வாத்தியார் 60 வயதுக்குமேல் உலகப் புகழ் பெற்றார்.

கட்டத்துக்குள் சுருள்

சரி, படம் எடுத்துவிட்டால் சேலை ஆகிவிடுமா? அதுதான் இல்லை!

தறிக்கு வளைவு தெரியாது. நீளத்தில் பாவு, குறுக்கே ஊடை. அவ்வளவுதான். ஆகவே படத்தைக் கட்டம் போட்ட காகிதத்தில் ஏற்ற வேண்டும். பெரணிச் சுருள் அங்கே படிக்கட்டு ஆகிவிடுகிறது. படி சிறியதாக இருந்தால்தான் சுருள் அழகாக வரும். படி சிறுத்தால் கட்டம் பெருகும். கட்டம் பெருகினால் செலவும் பெருகும்.

கட்டங்களைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி, துளைக்குத் தக்கபடி பாவு நூலைத் தூக்கும். 1804-ல் பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு என்பவர் கண்ட முறை இது. இப்போது கணிப்பொறியில் டிசைன் போடுகிறார்கள். அட்டையே இல்லாத மின்னணுப் பெட்டியும் வந்திருக்கிறது.

புது டிசைன் விற்றால் தறி நிற்காது. விற்காவிட்டால்? அட்டைக்கட்டு பரணுக்குப் போகும். போட்ட பணமும் கூடவே போகும். மாங்காயை யாரும் லேசில் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

துணிந்து பெரணியை முந்தானையில் ஏற்றிவிட்டாலோ, கிட்டே பார்த்தால் சரிகைப் படிக்கட்டு. நாலடி தள்ளி நின்று பாருங்கள். படிகள் மறைந்துவிடும். ஊட்டியில் குனிந்து பார்த்த அதே சுருள்!